சீறுகிற வால்வை இறுக்கலாமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலை பாய்லரின் சேஃப்டி வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை வெளியேற்றுவது) 10.5 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும். இப்போது ஒன்பதரையிலேயே சீறுகிறது. "மேல் திருகை அரைச் சுற்று இறுக்கினால் அடங்கிவிடும்" என்கிறார் பாய்லருக்குத் தீ போடும் மூத்த ஃபயர்மேன். இறுக்கலாமா?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இறுக்கினால் சீறல் அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் வால்வு திறக்கும் அழுத்தமும் கூடவே ஏறிவிடும். எவ்வளவு ஏறியது என்பது உங்களுக்கும் தெரியாது, ஃபயர்மேன் அண்ணனுக்கும் தெரியாது. 1831-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், சீறல் சத்தம் பிடிக்காத ஒரு ஃபயர்மேன் ரயில் இன்ஜினின் வால்வை அமுக்கி வைத்தார். பாய்லர் வெடித்து அவரே இறந்துபோனார்.

சீறுவது வேறு, திறப்பது வேறு. உங்களுடையது பெரும்பாலும் சீட் கசிவு. டிஸ்க் என்ற மூடியும் அது உட்காரும் சீட் என்ற இருக்கையும் சேரும் பளபளப்பான வளையத்தில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலே போதும். அதைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். மேல் திருகை இறுக்கி ஸ்பிரிங்கை முறுக்கிப் பயனில்லை. அதற்கும் முன்னால் பிரஷர் கேஜைச் சந்தேகியுங்கள். கேஜ் குறைத்துக் காட்டினால் வால்வின் மேல் வீண் பழி!

பிறகு வால்வைக் கழற்றிச் சோதனை மேடைக்கு அனுப்புங்கள். முப்பது வருடம் அந்த மேடையில் நின்றவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: வால்வைத் துடைக்காமல், தட்டாமல், வந்த கோலத்திலேயே ஏற்றச் சொல்லுங்கள். முதல் தடவை எந்த அழுத்தத்தில் "டப்" என்று திறக்கிறதோ, அதுதான் உங்கள் பாய்லரில் இத்தனை நாள் இருந்த நிலை. ஒரு சாயப்பட்டறை வால்வு, அட்டையில் 10.5 என்று எழுதியிருந்தது, என் மேடையில் முதல் தடவை 12.4-இல் திறந்தது. இரண்டாம் தடவை 10.6. உப்புப் படிந்து டிஸ்க் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சில பட்டறைகளில் இரண்டாவதை மட்டும் எழுதிச் சான்றிதழ் நீட்டுவார்கள். முதல் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி உங்கள் அளவுக்கு மூன்று சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 10.2 முதல் 10.8 வரை. கசிவைச் சோதிக்க, திறக்கும் அழுத்தத்தின் 90 சதவீதத்தில், சுமார் 9.45 கிலோவில் காற்றழுத்தத்தைப் பிடித்து வைத்து, வெளிவாயிலிலிருந்து வரும் சின்னக் குழாயை அரை அங்குலம் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழிகளை எண்ணுவோம். உலோக சீட் உள்ள பெரிய துளை வால்வுக்கு ஏபிஐ 527 (அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் கசிவுச் சோதனைத் தரநிலை) நிமிடத்துக்கு 20 குமிழிதான் அனுமதிக்கிறது. கண்ணிமைக்காமல் எண்ண வேண்டிய வேலை; டீ குடித்துக்கொண்டே எண்ணுபவரை நம்பாதீர்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை வால்வைக் கையால் திறக்கும் லீவரைத் தூக்கிப் பார்க்கிறேன். அது போதாதா?
– அதே வாசகர்

பதில்: வால்வு ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் அது காட்டும், எத்தனை கிலோவில் திறக்கும் என்பதைக் காட்டாது. தூக்கும்போது நீராவி, வால்வு திறக்கும் அழுத்தத்தில் முக்கால்வாசிக்கு மேல் இருக்கட்டும். வெறும் பாய்லரில் தூக்கினால் அழுக்கு சீட்டில் உட்கார்ந்துகொள்ளும், மறுநாள் சீறும். உங்கள் வால்வின் கதையே அப்படித் தொடங்கியிருக்கலாம்.