டீச்சரம்மா பதில்கள்: ஊர்க்கதை மட்டும்

சென்ற இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதினேன்: "பீடோங்கில் பிறந்து இருபத்திரண்டு வருடம் வளர்ந்தும் ஜெராய் மலையை நான் பார்த்ததில்லை." அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அரசியல் எழுதியிருந்தால்கூட இவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. ஊறுகாய் பூஞ்சை பிடிப்பதைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஊர்க்கதைதான்.

பீடோங்கில் கழுத்தைத் திருப்பினால் ஜெராய்தான். பார்த்ததில்லை என்பது பொய்தானே, டீச்சர்?
குரூண் வாசகர்

பொய் இல்லை ஐயா, சோம்பல். மலேசியாவின் கெடா மாநிலத்தில் 1,217 மீட்டர் உயர மலை. சுற்றிலும் வயலும் தோட்டமும் தாழ்ந்து கிடக்க, அது மட்டும் தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது. வங்கக்கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்காரர்களுக்கே அதுதான் அடையாளம். என் அம்மாவுக்கு அது வானிலை அறிக்கை. மாலையில் ஜெராய் தலையில் முக்காடு போட்டுக்கொண்டால் "நாளைக்கு மரம் நனையும்" என்று சொல்லி உளியைத் தீட்டாமல் வைத்துவிடுவார். ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. அதனால் மலை என்றால் எனக்கு அம்மாவின் முகம் சுருங்குவதுதான் நினைவுக்கு வரும். மலையை யார் பார்த்தார்கள்?

1979-இல் கல்யாணமாகி இங்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் மலை வரைந்தேன். எல்லா ஆசிரியர்களும் வரைவதுதான்: இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "மலை இப்படி இருக்காதே, டீச்சர்" என்றான். அவன் வீடு சுண்ணாம்புக்கல் குன்று ஒன்றின் அடியில் இருந்தது. சுண்ணாம்புத் துண்டை வாங்கி அவனே வரைந்தான். செங்குத்தான சுவர், அதில் மழை வடிந்த கறுப்புக் கோடுகள், உச்சியில் மட்டும் சீவாத தலைபோலப் புதர். ஈப்போவிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், அச்சு அசல்.

"உங்கள் ஊர் மலை எப்படி இருக்கும், டீச்சர்?" என்று கேட்டான். எனக்கு வரைய வரவில்லை. இருபத்திரண்டு வருடம் சூரியன் அதன் பக்கம்தான் இறங்கியது. அதன் இடது தோள் சரிவா, வலது தோள் சரிவா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனபோது, சுங்கை பட்டாணி தாண்டியதும் ஜன்னலோர இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன். படுத்திருக்கும் மாட்டின் முதுகு மாதிரி நீளமாக இருந்தது. அன்றுதான் பார்த்தேன். நான் எழுதியதில் திருத்தம் வேண்டுமானால் இதுதான்: அங்கே இருந்தவரை பார்த்ததில்லை.

சுங்கை சிப்புட்டில் இருந்தவரை அந்த ஊரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது எட்டு வருடமாக ஷா ஆலமில் அடுக்குமாடி வாசம். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) லோரியின் மணத்துக்கு மனம் ஏங்குகிறது. இது நோயா?
ஷா ஆலம் வாசகர்

நோய் இல்லை. ஆனால் "மணம்" என்று எழுதிவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். அது நாற்றம், தம்பி. பழந்தமிழில் நாற்றம் என்றாலே நறுமணம்தான் என்று வாதாட வந்துவிடாதீர்கள். பஸ்ஸில் கட்டிப்பால் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் அந்த வாதம் எடுபடாது. நாற்றத்தை நாற்றம் என்றே சொல்லி ஏங்குங்கள், தவறில்லை. நான் வந்த புதிதில் இந்த ஊரில் எனக்குப் பழக்கமாக இருந்தது அது ஒன்றுதான். கெடாவின் கட்டிப்பாலும் பேராக்கின் கட்டிப்பாலும் ஒரே மாதிரி நாறும்.

என் மருமகள் பினாங்குக்காரி. தண்ணீர், மீன், கோப்பி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்கிறாள். எத்தனை நாள் பொறுப்பது, டீச்சர்?
சுங்கை சிப்புட் வாசகி

அக்கா, முதலில் ஒரு வாக்குமூலம். ஒரு காலத்தில் அந்த மருமகள் நான்தான்.

எனக்கு லக்சா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ்தான் சண்டைக்குக் காரணம். கெடாவில் லக்சா என்றால் அரிசி மாவில் செய்தது, வழுவழுப்பாக இருக்கும். மீனை வேகவைத்துக் குழைத்த குழம்பு கரண்டியை விட்டு இறங்கவே யோசிக்கும். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) சைக்கிளில் ஒரு மாக்சிக், அதாவது மலாய்ப் பெண்மணி, கொண்டுவருவார். இங்கே கோலகங்சார் லக்சாவைக் கொடுத்தார்கள். கோதுமை மாவைக் கையால் பிசைந்து வெட்டியது, குழம்பு தண்ணீராக ஓடியது. ஒரு வாய் வைத்துவிட்டு, "இது லக்சாவா? சூப்பில் போட்ட சப்பாத்தி" என்றேன். வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. என் வாய்க்கு அன்றே பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. சமையலறை மூலையில் ஒரு கறுப்பு மண்குடுவை இருந்தது. சுரைக்காய் மாதிரி இடுப்பு ஒடுங்கி, மேலே சின்ன மூடி. லாபு சாயோங் என்பார்கள். கோலகங்சாரில் பேராக் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாயோங் கிராமத்தில் செய்வது. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு உமிக்குள் புதைப்பதால்தான் அந்தக் கறுப்பு ஏறுகிறது என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விவரம். அத்தை அதிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்போது வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. வெளியே வெயில் கொளுத்தியது. தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது பல் கூசவில்லை, நெஞ்சு குளிர்ந்தது. "உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி, அம்மா?" என்று கேட்டார். கிண்டலாகவே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எங்கள் லயத்துப் பொதுக்குழாய், அதிகாலை வரிசை, வாளிச் சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். லக்சாவுக்கு அழவில்லை என்பது எனக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது.

எனவே மருமகள் "எங்கள் ஊரில்" என்று தொடங்கும்போது, "அப்படியா, எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாலைந்து முறை எரிச்சலாகத்தான் இருக்கும். மீன் விஷயத்தில் மட்டும் அவர் கட்சிதான் நான். பினாங்கு கடலோரம், நாம் உள்நாடு. அங்கே கரையேறிய மீன் நம் சந்தைக்கு வருவதற்குள் அதற்கு நம்மைவிட வயதாகிவிடும்.

கெடா சிறந்ததா, பேராக் சிறந்ததா? ஒரே வரியில் சொல்லவும்.
தைப்பிங் வாசகர்

இரண்டிலும் உங்கள் ஊரைவிட மழை குறைவு.

டீச்சர், கடாரத்துக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறீர்கள். பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சிறு வயதில் அடிக்கடி போயிருப்பீர்களே?
இடைநிலைப்பள்ளி மாணவி, தெலுக் இந்தான்

ஒருமுறைகூட இல்லை, அம்மா. பள்ளத்தாக்கு இருக்கும் மெர்போக் எங்களுக்கு அரை மணி நேர பஸ் தூரம். அங்கே அருங்காட்சியகம் திறந்தது 1980-இல். நான் கிளம்பி வந்த மறுவருடம். அதற்கு முன்பும் புக்கிட் பத்து பகாட் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) அங்கேதான் இருந்தது. 1960-க்குள்ளேயே கற்களை அடுக்கிச் சீர்செய்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மேல் படையெடுத்தான் என்று பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தேன். அந்தக் கடாரத்தில் உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்கிறேன் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

1996-இல் பிள்ளைகளோடு போனேன். கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதே. கருங்கல் அடித்தளமும், மரத்தூண்களை நிறுத்திய கல் தாங்கிகளும்தான் மிச்சம். பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. பத்து பகாட் என்ற பெயரில் பத்து என்றால் கல், பகாட் என்றால் உளி. அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் பால்வெட்டு உளிதான் நினைவுக்கு வந்தது. சோழன் வரவில்லை. 2013-இல் அந்தப் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை வீடமைப்புக்காக இடித்துவிட்ட செய்தி வந்தபோது, கெடாவை விட்டு வந்து முப்பத்து நான்கு வருடமாகியிருந்த நான் இங்கே உட்கார்ந்து கத்தினேன். பக்கத்தில் இருந்தபோது எட்டிப் பார்க்காதவள் கத்தலாமா என்று நீ கேட்கலாம். கேள்.

நான் வேலை பார்த்த தோட்டத்தை முப்பது வருடம் கழித்துப் பார்க்கப் போனோம். பால்மரமும் இல்லை, லயமும் இல்லை, எங்கும் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. நான் தேம்பி அழுதேன். என் மனைவி காடியை விட்டுக்கூட இறங்கவில்லை. அவளுக்குக் கல் நெஞ்சா, தங்கச்சி?
கிள்ளான் வாசகர், வயது 76

அண்ணே, உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு விவரம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தோட்டத்து லோரி ஓட்டினீர்கள். அண்ணி பத்தொன்பது வருடம் பால் வெட்டினார். பதில் அங்கேயே இருக்கிறது.

நீங்கள் பார்த்தது லோரிக் கண்ணாடி வழியாகத் தெரிந்த தோட்டம். நிழல், வரிசை வரிசையாக மரம், காலைக் காற்று. அவர் பார்த்தது இருட்டில் தலைவிளக்கு வெளிச்சம் விழுந்த ஒரு சாண் மரப்பட்டை. இடுப்பில் கொசுவத்தி, காலில் அட்டை, தோளில் காண்டா என்ற காவடிக் கம்பு, இரண்டு பக்கமும் தளும்பும் பால் வாளி. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மார்பு கட்டிப்போய் நிரையில் நின்றவர்களை எனக்குத் தெரியும். என் அம்மாவும் அதில் ஒருத்தி. தோட்டத்தை எண்ணி ஏங்குகிறவர்களில் பால் வெட்டியவர்கள் குறைவு, அவர்களுடைய பிள்ளைகள்தான் அதிகம் என்பது என் கணக்கு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓடிப் பிடித்து விளையாடிய இடம் நமக்கு. கூலி வாங்கிய இடம் அவர்களுக்கு.

கடைசிக் காலத்தில் அம்மா என்னோடுதான் இருந்தார். ஒருநாள் லிந்தாங் சாலையில் பால்மரக் காடு ஒன்றைப் பார்த்து, அவருக்குப் பிடிக்குமே என்று காடியை நிறுத்தினேன். "எதற்கு நிறுத்துகிறாய்? கொசு வரும், கண்ணாடியை ஏற்று" என்றார். அவ்வளவுதான். ஆனால் கெடாவிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் ஒன்று மட்டும் கேட்பார்: "லயத்துக்குப் பின்னால் நான் நட்ட முருங்கை நிற்கிறதா?" மலையைக் கேட்டதில்லை, தோட்டத்தைக் கேட்டதில்லை. அது அவர் கையால் அவருக்காக நட்டது.

அண்ணி காடியில் உட்கார்ந்தபடி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கவனித்தீர்களா? அதைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

நாங்கள் மெல்பர்னில் குடியேறிப் பதினைந்து வருடம். பிள்ளைகளுக்கு அப்பாவின் ஊரைக் காட்ட சுங்கை சிப்புட்டுக்கு ஒரே ஒரு நாள் வருகிறோம். எதைக் காட்டுவது, டீச்சர்?
மெல்பர்ன் வாசகர்

மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர், 1954-இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலை, 1948 ஜூன் 16-ஆம் தேதி தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு மலாயா அவசரகாலம் தொடங்கிய வரலாறு எல்லாம் சொல்லுங்கள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டுத் தொலைபேசியைப் பார்ப்பார்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் காடியில் போகும்போது சொல்லுங்கள்.

முடிந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாருங்கள், விதை விழும் காலம். காலையில் பசியாறிவிட்டு நேராகக் கோலகங்சாருக்குப் போங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் ஒன்பது இங்கே வந்தன. அவற்றில் உயிரோடு மிஞ்சியது அதுதான். உங்கள் தாத்தாவைக் கப்பலேற்றியது இந்த மரம்தான் என்று சொல்லலாம், பெரிய பொய்யில்லை.

திரும்பும் வழியில் ஏதாவது பால்மரக் காட்டோரம் நிறுத்தி விதை பொறுக்கச் சொல்லுங்கள். பளபளவென்று பழுப்புப் புள்ளி போட்டிருக்கும்.  அதைச் சிமெண்டுத் தரையில் பத்து முறை வேகமாகத் தேய்த்து, சூடேறியதும் அடுத்தவர் முழங்கையில் வைக்க வேண்டும். மறந்திருக்க மாட்டீர்கள். எப்படி என்று விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். சின்னவன் அசந்திருக்கும்போது முதலில் நீங்கள் அவனுக்கு வையுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான். அப்பா மீது பாசமுள்ள பிள்ளை என்றால் கொஞ்சம் அதிகமாகவே தேய்ப்பான்.