காரின் சைலன்சர் குழாயை வீட்டிலேயே பளபளப்பாக்க முடியுமா?

முடியும். ஆனால் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் கையில் எடுக்காதீர்கள். கறுத்துப்போன குழாயை வீட்டிலேயே மினுக்க முடியுமா என்று நீங்கள் கேட்டதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஆசிட் பாட்டில்தான்.

உங்களுடையதும் பழைய வண்டியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னுடையது 1997 மாருதி 800, அப்பா வாங்கியது. சைலன்சர் சாதா இரும்பு. அதன் நுனியில் ஓர் எவர்சில்வர் குழாயைத் தனியாக வாங்கி மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபிக்கு வருவார். அவர் போனபின் வண்டி ஒன்றரை வருஷம் தூத்துக்குடி வீட்டிலேயே நின்றது. உப்பளக் காற்று எங்கள் பக்கம் ஜன்னல் கம்பியையே அரித்துவிடும். நான் போய்ப் பார்த்தபோது குழாயின் உள்ளே கரி, வெளியே பழுப்புப் பொட்டுகள்.

அவசரப்பட்டு ஆசிட்டைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். முதல் ஐந்து நிமிஷம் பளிச்சென்று இருந்தது. அப்புறம் சாம்பல் நிறமாக மங்கியது. இரண்டு நாளில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் துரு. எவர்சில்வரைக் காப்பது அதன் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைத்து உள்ளே தோண்டும். கடற்காற்றும் அதையேதான் செய்கிறது, மெதுவாக.

சரி, எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன். இன்ஜின் நன்றாக ஆறியபிறகு டீசல் நனைத்த துணியால் கரியைத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்: 400, 800, 1500 என்று வரிசையாக (எண் கூடக்கூட நைசானது), தண்ணீரைத் தொட்டுத் தொட்டு. ஒரு பேப்பரைக் குழாயின் நீளவாட்டில் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்குவாட்டில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். இதில் அவசரப்பட்டு 400-இலிருந்து நேராக 1500-க்குப் போனால், கடைசியில் வெயிலில் பார்க்கும்போது கோடுகள் அப்படியே தெரியும். முடிவில் மெட்டல் பாலிஷ், பழைய பனியன் துணி. துணி கறுக்கக் கறுக்க இடத்தை மாற்றித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இரண்டு மாலை ஆனது. இரண்டாம் நாள் முடிவில் போர்டிகோவின் கிரில் கம்பிகள் அந்தக் குழாயில் வளைந்து தெரிந்தன. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி வைத்துவிட்டுப் போனார்.

உங்கள் குழாய் குரோம் பூச்சாக இருந்தால் வாட்டர் பேப்பரைத் தொடவே வேண்டாம். குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, தேய்த்தால் போய்விடும். பாலிஷும் துணியும் மட்டும் போதும். எவர்சில்வரில் இரும்புக் கம்பி நார் கூடாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். சாதா இரும்பை எவ்வளவு மினுக்கினாலும் ஒரு மழைக்குத் தாங்காது. துருவைச் சுரண்டிவிட்டுச் சூடு தாங்கும் சில்வர் பெயிண்ட் அடியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

‘சில நூறு ரூபாய்க்குப் புதுக் குழாய் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை’ என்று யாராவது கேட்பார்கள். கிடைக்கும், தெரியும். அது அப்பா மாட்டிய குழாயாக இருக்காது. பழைய வண்டி என்றாலே குப்பை என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. என் வண்டியின் முறை வந்ததும் அந்த வருஷம்தான். வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத, புகைச் சோதனையில் தேறிய வண்டி. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் பெரிய டீசல் வண்டி புதிது என்பதற்காகத் தப்பித்துக்கொள்கிறது. பராமரிப்பவனுக்கு ஒரு மரியாதையும் இல்லை.

இன்னொன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அது தண்ணீர் வடிவதற்கு. பழுது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டுங்கள்.

என் குழாயின் கீழ்ப்பக்கம் ஆசிட் போட்ட குழிகள் நாலைந்து இன்னும் இருக்கின்றன. அவை போகும்வரை தேய்த்தால் குழாய் மெலிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.