ஜெர்மனியில் சளி பிடித்தால்: புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மேற்படிப்புக்காக ட்ரெஸ்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே கடுமையான சளியும் தொண்டைவலியும் இருமலும் பிடித்துக்கொண்டதாகவும், மருத்துவரிடம் போனால் அவர் மருந்து எதுவும் எழுதித் தராமல் "நிறையத் தேநீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும், ஊரில் அம்மா கவலைப்பட்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இங்கே கிடைக்கும் பொருள்களை வைத்து என்ன கைவைத்தியம் செய்துகொள்ளலாம் என்பது உங்கள் கேள்வி. இந்த நாட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, குளிர்காலம் வந்தாலே வீட்டில் யாராவது ஒருவருக்கு மூக்கொழுகுவதைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மருத்துவர் மீது உங்களுக்குள்ள வருத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. ஜலதோஷத்தை உண்டாக்குபவை வைரஸ்கள். அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பெரும்பாலும் நம்மைப் பிடிப்பது ரைனோவைரஸ் வகை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் என்பதால், சாதாரணச் சளிக்கு அதைத் தின்பதில் பயன் இல்லை. வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளும், பிற்காலத்தில் உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகும் ஆபத்தும்தான் மிஞ்சும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் ஆன்டிபயாட்டிக் எடுத்தே ஆகவேண்டும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். நிறத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. ஜெர்மானியர்கள் சளியைப் பற்றி ஒரு வழக்குச் சொல்வார்கள்: வருவதற்கு மூன்று நாள், இருப்பதற்கு மூன்று நாள், போவதற்கு மூன்று நாள். ஏறக்குறைய அதுதான் கணக்கு. இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுத்தடிக்கலாம். கைவைத்தியம் இந்தக் கணக்கைப் பெரிதாகக் குறைப்பதில்லை. உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் அந்த நாட்களில் நம்மால் தூங்கவும், விழுங்கவும், மூச்சுவிடவும் முடியும்படி செய்வதே அதன் வேலை. அந்த எதிர்பார்ப்போடு செய்தால் அதைப்போல ஆறுதல் தருவது வேறில்லை.

அம்மாவிடம் மருந்துப் பார்சல் அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து தனியாட்களுக்குத் தபாலில் மருந்து வருவதை ஜெர்மனிச் சுங்கத்துறை பொதுவாக அனுமதிப்பதில்லை. ஊரிலிருந்து வரும்போது சொந்தத் தேவைக்கான அளவில் கையோடு கொண்டுவரலாம். பார்சலாக வந்தால் தடுத்து நிறுத்தப்படும். கற்பூரவல்லிக் கொம்பை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். 2019 டிசம்பர் முதல், வெளியிலிருந்து வரும் செடிகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

அந்தக் கற்பூரவல்லிக்கு மாற்றுத்தான் இந்த ஊரில் எல்லாக் கடைகளிலும் குவிந்து கிடக்கிறது. இதை அறியாமல்தான் நம் பிள்ளைகள் ஏங்கிப் போகிறார்கள். ஓமத்தின் காரத்துக்கும் மணத்துக்கும் காரணமான தைமால் என்னும் பொருள்தான் ஐரோப்பியர்கள் இருமலுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவரும் தைம் இலையிலும் இருக்கிறது. கற்பூரவல்லியின் மணமும் தைமாலையும் அதன் நெருங்கிய உறவான கார்வக்ராலையும் சேர்ந்ததே. இங்கே தைமுக்குத் தூமியான் என்று பெயர். அப்போதேக்கே எனப்படும் மருந்துக்கடையில் மருந்துத் தரத்திலும், சாதாரணக் கடையில் தேநீர்ப் பொட்டலமாகவும் வாங்கலாம். உலர்ந்த இலை ஒரு தேக்கரண்டி எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை வெந்நீரை அதன்மேல் ஊற்றி, உடனே ஒரு தட்டால் மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். நெஞ்சை இளக்கும் எண்ணெய் அதிலும் இருப்பதால் அந்த நீரையும் கோப்பைக்குள்ளேயே வழித்து விடுங்கள். வடிகட்டி, சற்று ஆறியபின் தேன் கலந்து மெதுவாகக் குடியுங்கள். முதல் மிடறிலேயே உங்களுக்கு அம்மா போட்டுக்கொடுத்த ஓமத்தண்ணீர் நினைவுக்கு வரும். தேன் வெறும் இனிப்புக்காக மட்டுமல்ல. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மேல் சுவாசப்பாதைத் தொற்றில் இருமலைத் தணிக்கத் தேன் உதவுகிறது என்று எழுதினார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. உங்களுக்கு இப்போது தேவைப்படாது என்றாலும், இதை எல்லாரிடமும் சொல்லிவைப்பது என் வழக்கம்.

தொண்டை கிழிந்தது போல வலித்தால் சால்பை எனப்படும் சேஜ் இலைத் தேநீரால் கொப்பளிப்பதை இந்த ஊர்ப் பாட்டிமார் சொல்வார்கள். கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், நாள் கணக்கில் அதையே குடித்துக்கொண்டிருக்க வேண்டாம், கருவுற்ற பெண்கள் தவிர்க்கவே வேண்டும். அது இல்லையென்றால் நம் உப்புத்தண்ணீரே போதும்.

ஜெர்மன் வீடுகளில் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது வெங்காயப் பாகு. ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூன்று தேக்கரண்டி தேனோ சர்க்கரையோ சேர்த்துக் குலுக்கி வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வெங்காயம் சுருங்கித் தன் சாற்றை விட்டுவிடும். புட்டியின் அடியில் தெளிந்த பாகு தேங்கி நிற்கும். அதை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக நாளில் சில தடவை சாப்பிட்டால் வறட்டிருமல் அடங்கும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். சின்ன வெங்காயத்தையும் பனங்கற்கண்டையும் மென்று தின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகள் ஜெர்மனியின் பல நகரங்களில் இருக்கின்றன. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சில இடங்களில் வெற்றிலைகூட அங்கே கிடைக்கும். சளி பிடித்தால் அவர்கள் முதலில் நாடுவது கொத்தமல்லிக் குடிநீரை. ஒரு கைப்பிடி மல்லி விதையை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, தட்டிய இஞ்சித் துண்டோடு மூன்று கோப்பைத் தண்ணீரில் போட்டு ஒன்றரைக் கோப்பையாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டிச் சூடாகக் குடிப்பார்கள். மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் யார் முகமும் சுளிக்காமல் செய்யக்கூடியது இது. அதிமதுரத்தை மட்டும், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பசி இல்லை என்று பட்டினி கிடக்காதீர்கள். மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் தட்டிப்போட்ட ரசமும் குழைந்த சோறும் போதும். அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் இந்த ஊர்க்காரர்கள் கண்கண்ட மருந்தாகக் கருதும் கோழி சூப்பைச் செய்து பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு மருத்துவக் குழு கோழி சூப்பைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, வீக்கத்தை உண்டாக்கும் வெள்ளணுக்களின் நடமாட்டத்தை அது குறைப்பதாகக் கண்டது. சோதனைக் குழாயில் நடந்தது மனித உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் சூடும் உப்பும் நீரும் ஒருசேர உள்ளே போவது எந்த ஆய்வும் இல்லாமலே தெரியக்கூடிய நன்மை.

ஆவி பிடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேயும் சாமந்தி வகையான கெமோமில் பூவைப் போட்டு ஆவி பிடிக்கும் வழக்கம் உண்டு. மூக்கடைப்பும் தலைபாரமும் சற்று நேரம் தணியும். நோய் அதனால் சீக்கிரம் போய்விடாது. நான் அஞ்சுவது வெந்நீர் கொட்டிவிடுவதைத்தான். கட்டிலில் உட்கார்ந்து மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. கனமான பாத்திரத்தை மேசையின் நடுவில் வைத்து, கொதி அடங்கியபின், துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் போதும். ஊரில் நாம் தடவும் விக்ஸ் இங்கே விக் என்ற பெயரில் விற்கிறது. அதை நெஞ்சிலும் முதுகிலும் தடவிக்கொள்ளலாம், மூக்கின் உள்ளே வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் இப்படி நெடியேறும் எண்ணெய்களை மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகையை மூக்கில் இழுப்பதையும் அறையில் சாம்பிராணி போடுவதையும் அறவே விட்டுவிடுங்கள். புண்ணாகிக் கிடக்கும் மூச்சுக்குழாயைப் புகை இன்னும் எரிச்சலூட்டும் என்பது ஒருபுறம். மறுபுறம், இங்கே குடியிருப்புகளின் படுக்கையறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி இருப்பது சட்டப்படி கட்டாயம், அது நடு இரவில் அலறினால் விடுதியே எழுந்துவிடும்.

மூக்கடைப்புக்கு நான் முதலில் சொல்வது உப்புநீரில் மூக்கைக் கழுவுவது. அதற்கென்று குவளையும் அளந்த உப்புப் பொட்டலமும் அப்போதேக்கேயில் கிடைக்கும். வீட்டிலேயே செய்வதானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு. உடனே அடைப்பைத் திறந்துவிடும் ஸைலோமெட்டசோலின் தெளிப்பான் ஒன்றும் விற்கிறார்கள். இரவில் தூங்க அது பெரிய உதவி. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் போனால் அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கி, அது இல்லாமல் மூச்சுவிட முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமால் எடுத்தால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளிக்கென்று விற்கும் கலவை மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாமல் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

அறையைக் கொஞ்சம் கவனியுங்கள். சூடாக்கி ஓடிக்கொண்டே இருக்கும் அறையில் காற்று வறண்டு, மூக்கும் தொண்டையும் காய்ந்து போகின்றன. குளிருக்குப் பயந்து சன்னலை நாள்முழுதும் சாத்தி வைக்காமல், ஒரு நாளில் சில முறை ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு, பிறகு முழுதாக மூடிவிடுங்கள். அந்த நேரம் நீங்கள் போர்வைக்குள் இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து ஓய்வுதான். நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளத் தயங்குவதும் அதைத்தான். விடுப்புச் சொன்னால் வேலை போய்விடும், பேராசிரியர் தவறாக நினைப்பார் என்று காய்ச்சலோடு டிராமில் ஏறிப் போகிறீர்கள். இந்த நாட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலைக்கு வருபவரைத்தான் பொறுப்பில்லாதவர் என்று நினைப்பார்கள். நீங்கள் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்ப்பதாக எழுதியிருப்பதால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகிவிட்டால், உடல்நலக் குறைவுக்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தோடு விடுப்பு பெறும் உரிமை பகுதிநேர ஊழியருக்கும் உண்டு. வேலை தொடங்கும் முன்பே முதலாளிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்று தேவை, சில இடங்களில் முதல் நாளே கேட்பார்கள் என்பதால் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல், பொது மருத்துவக் காப்பீட்டில் உள்ளவர்களின் சான்று காப்பீட்டு நிறுவனம் வழியாக மின்னணு முறையில் முதலாளிக்குக் கிடைத்துவிடுகிறது. நீங்கள் ஏற்கெனவே போய்வந்த மருத்துவராக இருந்தால், இலேசான நோய்க்குத் தொலைபேசியிலேயே ஐந்து நாள் வரை சான்று தர அவருக்கு அனுமதி உண்டு. தேர்வு நாளில் நோய் வந்தால் மட்டும் பல்கலைக்கழகத்தின் விதி வேறு. அதைத் தேர்வு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மூன்று நாளுக்கு மேல் இறங்காத கடும் காய்ச்சல், முகத்தின் ஒரு பக்கத்தில் கடும் வலி, சரியாகிக்கொண்டு வந்தது திடீரென்று மறுபடி மோசமாவது ஆகியவற்றில் எது வந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுங்கள். உங்கள் மருத்துவரின் சிகிச்சையகம் மூடியிருக்கும் இரவிலும் வாரக்கடைசியிலும் 116117 என்ற எண்ணில் பணிமருத்துவரைப் பிடிக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது, அப்போதேக்கேயிலும் முறைவைத்து ஒன்றிரண்டுதான் திறந்திருக்கும். எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். காய்ச்சலோடு அந்தத் தாளைத் தேடி அலையும்படி வைத்துக்கொள்ளாமல், உடம்பு தேறியதும் ஒரு வெப்பமானி, பாராசிட்டமால் அட்டை ஒன்று, தூமியான் பொட்டலம், தேன், சுக்கு, மல்லி ஆகியவற்றை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். இப்போது கடைக்குப் போகும் தெம்பு இல்லையென்றால் அடுத்த அறை நண்பரிடம் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காமல் வந்து கதவைத் தட்டும் வழக்கம் இங்கே குறைவு.

அன்புடன்,
அக்கா