பெங்களூரில் நடைபாதைக்காக எங்கே போய்ப் பேசுவது?

அன்புள்ள தம்பி,

திருநெல்வேலியிலிருந்து அம்மாவை அழைத்து வந்து மூன்று மாதமாகியும் தெருமுனை மருந்துக் கடைவரை அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாநகர மன்றத்தில் பொதுமக்கள் பேச இடம் உண்டா, கன்னடம் தெரியாதவர் சொன்னால் கேட்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். பேச இடம் உண்டு. ஆனால் அது நீங்கள் நினைக்கும் மன்றம் அன்று.

மன்றக் கூட்டத்தில் பேசுபவர்கள் உறுப்பினர்களே. 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அதுவும் இல்லாமல் நகரம் அதிகாரிகளின் கையில் இருந்தது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்தாகப் பிரிந்தது. வார்டு எல்லைகளும் மாறிவிட்டன. ஆகவே வீட்டு உரிமையாளர் சொல்லும் பழைய வார்டு எண்ணை நம்பி மனு எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் போக வேண்டியது வார்டு குழுவுக்கு. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் இத்தகைய குழுக்கள் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சொல்கிறது. பழைய மாநகராட்சிக் காலத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமையைக் கூட்ட நாளாக வைத்திருந்தார்கள்; உங்கள் வார்டில் இப்போது எந்த நாள் என்பதை வார்டு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முதல் கூட்டத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பக்கவாதத்திற்குப் பின் வாக்கரைப் பிடித்து நடந்த என் மாமியார், எங்கள் தெருவில் கேபிளுக்காகத் தோண்டியவர்கள் சரியாக மூடாமல் விட்ட ஸ்லாப் ஒன்றில் தடுக்கி விழுந்திருந்தார். அந்தக் கோபத்தில் நகரத்து நடைபாதைகளின் அவலம் முழுவதையும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், எதுவும் நடக்கவில்லை. எனக்குப் பின் எழுந்த கன்னட அம்மையார் ஒருவர், இந்தக் குறுக்குத் தெருவில் இந்த எண் வீட்டு வாசலில் ஒரு ஸ்லாப் உடைந்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் சாக்கடைக்குள் விழுவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் அங்கே புது ஸ்லாப் கிடந்தது. அடுத்த மாதம் நான் ஒரு தாளில் எங்கள் தெருவை வரைந்து, மூன்று ஸ்லாப்களையும், சாய்தளம் வேண்டிய ஒரு முனையையும், நடைபாதையின் நடுவில் நின்ற பழைய கம்பம் ஒன்றையும் குறித்துக் கொடுத்தேன்.

நீங்களும் அளவுநாடாவோடு இறங்குங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) விதிமுறைப்படி நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் அமைய வேண்டும். அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் தேவை. பெயருக்கு ஒரு கை சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டுப் போவார்கள். அதில் நாற்காலி ஏறாது, பின்னால் கவிழும். பைக் ஏறாமலிருக்க நடும் குட்டைக் கம்பங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் விடச் சொல்லுங்கள், இல்லையேல் பைக்கைத் தடுக்க வைத்தது உங்கள் அம்மாவைத் தடுக்கும்.

மனுவை ஒரே பக்கத்தில் கன்னடத்தில் எழுதுங்கள். புகார் என்ற பொருள்தரும் 'தூரு' என்று தலைப்பிடாமல் வேண்டுகோள் என்ற பொருள்தரும் 'மனவி' என்று தொடங்கினால் வாங்குபவரின் முகமே வேறாக இருக்கும் என்பது என் அனுபவம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள். பேசும்போது முதல் இரண்டு வாக்கியம் கன்னடத்தில் இருந்தால் போதும். அதன்பின் தமிழில் தடுமாறினாலும் ஏ.இ.இ. எனப்படும் உதவிச் செயற்பொறியாளர் பொறுத்துக்கொள்வார், பல வேளைகளில் அவரே தமிழில் பதில் சொல்வார்.

மனுவில் சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மாநில ஆணையரிடம் முறையிடும் வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற, தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. அது கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: முனையில் பூ விற்கும் அக்காவை அகற்றச் சொல்ல வேண்டாம். தெரு வியாபாரிகளுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. கூடை இரண்டடி உள்ளே தள்ளினால் நாற்காலி போகும், அதை நீங்களே அவரிடம் கேட்கலாம்.

எங்கள் தெருவில் ஸ்லாப்கள் மூன்றும் மாறின. சாய்தளம் எட்டு மாதம் கழித்து வந்தது. கம்பம் வேறொரு துறையுடையது என்பதால் இன்னும் அங்கேயே நிற்கிறது. உங்கள் தெருவில் கம்பமோ மின்பெட்டியோ இருந்தால் அதற்கு முதல் நாளே தனி மனு கொடுத்துவிடுங்கள். வரைவை எனக்கு அனுப்புங்கள். என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கன்னடத்தைத் திருத்தித் தருவார்.