0-1 அணியைப் பிரிக்க முழு எண் நிரலாக்கம் உதவுமா?

ஒரு 0-1 அணியை (உறுப்புகள் எல்லாம் 0 அல்லது 1 ஆன matrix) இரண்டு சிறிய 0-1 அணிகளின் பெருக்கலாக, பிழை குறைவாக வரும்படி, முழு எண் நிரலாக்கத்தால் (மாறிகள் முழு எண்களாக இருக்க வேண்டும் என்ற நேரியல் உகப்பாக்கம்) பிரிக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். உறுப்புகள் எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்றால் இது தேவையே இல்லை, அணியைக் காரணிகளாகப் பிரிக்கும் வழக்கமான முறையான எஸ்விடி (SVD) போதும்.

தடை ஒன்றுதான்: முதல் சிறிய அணியின் உறுப்பு அ, இரண்டாவதன் உறுப்பு ஆ என்றால், அ × ஆ நேரியல் அல்ல. அதனால் ஒவ்வொரு பெருக்கலுக்கும் இ என்றொரு மாறியைச் சேர்த்து, இ ≤ அ, இ ≤ ஆ, இ ≥ அ + ஆ − 1, இ ≥ 0 என்று எழுதுங்கள். அ, ஆ இரண்டும் 0 அல்லது 1 ஆனதும் இ தானாகவே சரியான பெருக்கலாகிவிடும். அதை முழு எண் என்று அறிவிக்கக்கூட வேண்டாம். அழகான உத்தி இது.

ஆனால் 20 × 20 அணியை 5 தரத்தில் (அதாவது 20 × 5, 5 × 20 அணிகளாக) பிரிக்கவே 200 இருநிலை (0 அல்லது 1) மாறிகளும் 2000 துணை மாறிகளும் வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, நேரியல் தளர்வு (மாறிகள் 0-க்கும் 1-க்கும் இடையே பின்னமாகவும் இருக்கலாம் என விடுவது) பிழைக்குத் தரும் கீழ்வரம்பு. எல்லா அ, ஆ-வையும் 1/2 என வைத்தால் ஒவ்வொரு இ-யும் 0 முதல் 1/2 வரை எதுவாகவும் இருக்கலாம். தரம் 2-ஐ எட்டினாலே, இரண்டு இ-களின் கூட்டல் 0, 1 இரண்டையும் தர முடிவதால், பிழை பூஜ்யம் என்று தளர்வு சொல்லிவிடும். கிளைத்துத் தேடும்போது தொடக்கக் கிளைகளில் அதனால் எதையும் வெட்ட முடியாது. 5 காரணிகளை (முதல் அணியின் நிரல்களையும் அவற்றுக்குரிய இரண்டாம் அணியின் நிரைகளையும்) இடம் மாற்றினால் ஒரே விடை 5! = 120 வடிவங்களில் திரும்ப வரும் என்பதால், நிரல்களுக்கு அகராதி வரிசையைக் கட்டாயமாக்குங்கள். பெரிய அணிகளுக்கு நிரல் உருவாக்க முறையைத்தான் (column generation: எல்லா மாறிகளையும் முதலிலேயே எழுதாமல், தேவைப்படும்போது மட்டும் சேர்ப்பது) பரிந்துரைப்பேன்.