கார்ப்பரேட் ஃபேர் ஏன் கூடுதலா காட்டுது?

ஆபீஸ் வேலையா போக டிக்கெட் கேட்டா, ஏஜென்ட் கார்ப்பரேட் ஃபேர்னு (கம்பெனிகளுக்குன்னு ஏர்லைன் தர்ற டிக்கெட் வகை) கூடுதல் விலை சொல்றாரா? ஏமாத்துறார்னு உடனே முடிவு பண்ணாதீங்க, சென்னை–டெல்லி ஒரே ஃப்ளைட்டுல கார்ப்பரேட் ஃபேர் சாதா டிக்கெட்டை விட 900 ரூபா கூட வர்றது நடக்கக்கூடியதுதான்.

அந்த ஃபேர்ல பொதுவா சாப்பாடு, சீட் தேர்வு எல்லாம் சேர்ந்தே வரும், தேதி மாத்தவும் கேன்சல் பண்ணவும் சார்ஜ் கம்மி. மீட்டிங் கடைசி நேரத்துல தள்ளிப்போகும்னு ஏர்லைனுக்குத் தெரியும், கம்பெனி ஆளுங்களை இழுக்க டிக்கெட் விலையை விட இந்த வசதியிலதான் போட்டி போடுறாங்க. சிக்கனத்துக்குப் பேர்போன இண்டிகோவே 2024 நவம்பர்ல டெல்லி–மும்பை ரூட்ல பிசினஸ் சீட் இறக்கிச்சுன்னா பாத்துக்கோங்க.

ரெண்டு டிக்கெட்டோட கேன்சலேஷன் ரூல்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் போன மூணு மாசத்துல உங்க ஆபீஸ்ல எத்தனை டிக்கெட் மாத்துனீங்கன்னு எண்ணுங்க, அடிக்கடி மாத்தியிருந்தீங்கன்னா அந்த 900 பெரும்பாலும் திரும்பி வந்துடும்.

தேதி மாறவே மாறாதுன்னா சாதா டிக்கெட்டே போதும். எதை எடுத்தாலும் புக் பண்ணும்போதே கம்பெனி ஜிஎஸ்டி நம்பரைக் குடுத்துடுங்க, இல்லன்னா இன்புட் கிரெடிட் (டிக்கெட்டுக்குக் கட்டின ஜிஎஸ்டியை கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்கறது) எடுக்கறது சிக்கலாயிடும்.