முயலுக்குக் காய்ந்த புல்லை நிறுத்திவிட்டுக் கட்டித் தீவனம் மட்டும் தரலாமா?

கேள்வி: காங்கேயம் பகுதியில் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) வைத்து ஆடு மாடு வளர்த்து வருகிறேன். மகள் ஆசைப்பட்டதால் 2 முயல்களை வாங்கி வீட்டில் வளர்க்கிறோம். வயது 8 மாதம், ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோ எடை. முயல் பெல்லட்டும், குதிரைமசால் என்னும் தீவனச் செடியை (லூசர்ன்) அழுத்திச் செய்த கட்டிகளும் இணையத்தில் வாங்கிப் போடுகிறோம். காய்ந்த புல் கூண்டு முழுவதும் சிந்திக் குப்பையாகிறது என்று வீட்டில் குறைப்படுகிறார்கள். பெல்லட் பையில் 'முழுமையான சத்துணவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். புல்லை அறவே நிறுத்திவிடலாமா? சில வாரங்களாக ஒரு முயலின் சிறுநீர் காய்ந்தபின் சுண்ணாம்பு போல் வெள்ளையாகப் படிகிறது, புழுக்கையும் சிறுத்திருக்கிறது. இதற்கும் தீவனத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: வணக்கம் ஐயா. புல்லை நிறுத்த வேண்டாம். நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளுக்கும் தீவனத்துக்கும் தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், கட்டிகளைக் குறைத்துப் புல்லைக் கூட்டும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது புல்லின் இடத்தை நிரப்புமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

அழுத்திச் செய்த தீவனம் என்று நாம் ஒரே பெயரில் சொல்பவை உண்மையில் ஒன்றல்ல. பெல்லட் என்பது புல், தானியம், தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றை அரைத்து, நீராவியில் பதப்படுத்தி, அச்சுத் துளை வழியே தள்ளி எடுப்பது. கட்டி என்பது புல்லையோ குதிரைமசாலையோ துண்டு துண்டாக நறுக்கி அழுத்துவது. மூன்றாவதாக, நீளமான புல்லை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே அழுத்திக் கட்டிய சிப்பங்களும் உண்டு; கட்டை அவிழ்த்தால் அது பழையபடி உதிரிப் புல்தான், அதைப் புல்லாகவே கணக்கில் கொள்ளலாம். ஆகவே குறை அழுத்துவதில் இல்லை. அழுத்துவதற்கு முன் அந்தப் புல்லை எவ்வளவு பொடியாக்கினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முயலின் குடல் நார்த் துணுக்குகளை அளவு பார்த்துப் பிரிக்கும் இயல்புடையது. பெருங்குடலுக்கு வந்து சேரும் நாரில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துணுக்குகள் நேரே கீழிறங்கி, நாம் காணும் உருண்டையான காய்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. அதைவிட நுண்ணிய துகள்களும் நீர்மமும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சீக்கம் என்னும் பெரிய பைக்குள் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்படுகின்றன. அப்படிப் புளித்த பொருள்தான் பிறகு திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான புழுக்கையாக வரும். அதை முயல் ஆசனவாயிலிருந்தே வாயில் எடுத்து உண்டு புரதத்தையும் வைட்டமின்களையும் பெறுகிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் ஓட வைப்பது செரிக்காத நீள நார்தான். அதில் சத்து மிகக் குறைவு. ஆனால் குடற்சுவரைத் தூண்டி அசைய வைப்பது அதுவே. பொடியாக அரைத்த தீவனத்தையே தொடர்ந்து தந்தால் சீக்கத்துக்குள் போகும் பங்கு கூடி, வெளியே தள்ளும் பங்கு குறைந்து, குடலின் ஓட்டம் மந்தமாகும். புழுக்கை சிறுப்பது அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும், அதன் வயிறு ஒருபோதும் முற்றிலும் காலியாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குடல் ஓட்டம் நின்றுபோவது இந்தப் பிராணிக்கு ஏன் உயிருக்கே ஆபத்தாகிறது என்பது விளங்கும்.

அடுத்தது பல். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்பல், கடைவாய்ப்பல் அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். புல்லின் தாளைத் தின்னும்போது முயலின் தாடை பக்கவாட்டில் அசைந்து அரைக்கிறது; புல்லில் இயற்கையாகவே உள்ள சிலிக்கா அந்த அரைப்பில் பல்லைத் தேய்க்கிறது. பெல்லட்டைத் தின்னும்போதோ தாடை பெரும்பாலும் மேலும் கீழும் அசைந்து நொறுக்குவதோடு சரி. சில நிமிடங்களில் தீனி தீர்ந்தும்விடும். 'கட்டி கல்லைப் போல் கடினமாக இருக்கிறதே, அதைக் கடித்தால் பல் தேயாதா' என்று பலர் கேட்பதுண்டு. கடினப் பொருளைக் கடிப்பதால் முன்பல் ஓரளவு தேயும். உள்ளே இருக்கும் கடைவாய்ப்பல் தேய்வதற்கு மணிக்கணக்கில் அரைக்கும் வேலை வேண்டும். அது கிடைக்காதபோது கீழ்ப்பற்கள் நாக்குப் பக்கமும் மேற்பற்கள் கன்னத்துப் பக்கமும் கூர்முனை விட்டு வளர்ந்து வாயைப் புண்ணாக்கும். முகவாய் எப்போதும் நனைந்திருப்பது, வாயில் எடுத்த தீனியைக் கீழே நழுவ விடுவது, பிடித்தமான கீரையைக்கூட முகர்ந்துவிட்டு விலகுவது ஆகியவை பல் கோளாற்றின் அடையாளங்கள்.

இனி அந்த வெள்ளைப் படிவு. குதிரைமசால் பயறு வகைச் செடி என்பதால் அதில் புரதமும் கால்சியமும் மிகுதி. அதன் உலர்பொருளில் (ஈரம் நீங்கிய எடையில்) புரதம் 15 முதல் 18 விழுக்காடும், கால்சியம் ஒரு விழுக்காட்டுக்கு மேலும் இருப்பது வழக்கம். புல்வகைகளில் கால்சியம் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவே. மாடு, ஆடு உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளின் உடல் தனக்குத் தேவையான கால்சியத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சாணத்தில் விட்டுவிடும். முயல் அப்படியல்ல, தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியே கழிக்கிறது. அதனால் முயலின் சிறுநீர் சற்றுக் கலங்கலாக இருப்பது இயல்புதான். ஆனால் காய்ந்தபின் சுண்ணாம்பு பூசியது போல் திட்டாகப் படிகிறது என்றால் கால்சியம் அளவுக்கு மீறிப் போகிறது என்றே கொள்ள வேண்டும். அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் சேறு போல் தேங்கும், கல்லாகவும் கூடும். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குதிரைமசால் நல்ல தீவனம். 6 மாதம் கடந்து, வீட்டுக்குள் சும்மா அமர்ந்திருக்கும் முயலுக்கு அது அன்றாட உணவாகக் கூடாது. வேலிமசால், அகத்தி, கடலைக்கொடி ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். எப்போதாவது ஒரு கைப்பிடி தரலாம்.

பெல்லட் பையில் 'முழுமையான சத்துணவு' என்று அச்சிட்டிருப்பது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்கு முழுமை என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் முயல் தீவனத்தில் பெரும்பகுதி இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணை முயல்களுக்காகத் தயாரிக்கப்படுவது; சுமார் 3 மாதத்தில் 2 கிலோ எடையை எட்டிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்கேற்பப் புரதமும் மாவுச்சத்தும் கூடுதலாகவும் நார் குறைவாகவும் இருக்கும். உங்கள் மகளின் முயல்கள் 8 ஆண்டு, 10 ஆண்டு வாழ வேண்டியவை. பையைத் திருப்பி நார்ச்சத்தின் அளவைப் பாருங்கள். 18 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் வேறு பொருளைத் தேடுங்கள். எதை வாங்கினாலும் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராமுக்கு மேல் வேண்டாம். உங்கள் முயல் ஒன்றுக்கு 40 முதல் 50 கிராம் என்பதே உச்ச வரம்பு. புல் தாராளமாகத் தின்னும் முயலுக்கு அதில் பாதிகூடப் போதும். இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெல்லட் தீர்ந்துபோன நாளில் கோழித் தீவனத்தையோ மாட்டுத் தீவனத்தையோ அள்ளிப் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் நோய்க்கு எதிராகச் சேர்க்கப்படும் மருந்துகளுள் சாலினோமைசின், நாராசின் போன்றவை முயலுக்கு நஞ்சு. தீவனம் தீர்ந்த அன்று புல் மட்டும் தின்றால் முயலுக்கு ஒரு குறையும் வராது.

வாங்கும் கட்டியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஊறிக் கலைந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். விரல் நீளத் தாள்களாகப் பிரிந்தால் அது கிட்டத்தட்டப் புல்லுக்குச் சமம், அது எந்தச் செடி என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கால் அங்குலத் துண்டுகளாக வந்தால் துணைத் தீனி. கூழாகக் கரைந்தால் பெயர் எதுவாக இருந்தாலும் அதைப் பெல்லட்டாகவே எண்ணி மேலே சொன்ன கிராம் கணக்கிலேயே அடக்க வேண்டும்.

காங்கேயத்தில் கொறங்காடு வைத்திருக்கும் ஒருவர் பணம் கொடுத்துக் கட்டி வாங்குவதைப் பார்க்கச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பொட்டலங்களில் காணப்படும் திமோத்திப் புல் குளிர்நாட்டுப் பயிர். அது நம் சமவெளிக்கு உரியதன்று. அதன் இடத்தில் வைக்க உங்களிடம் கொழுக்கட்டைப்புல் இருக்கிறது. மழைக்காலத்தில் அதைப் பச்சையாகவே தரலாம். நீள நார் பச்சைப் புல்லிலும் உண்டு. ஆனால் பறித்துக் குவித்து வைத்துச் சூடேறிய புல்லைத் தரக் கூடாது. கோடைக்கு வேண்டியதை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தெளிந்ததும், கதிர் முற்றுவதற்கு முன் அறுத்துக்கொள்ளுங்கள். முற்றவிட்டால் தாள் கட்டையாகிச் சத்து இறங்குவதோடு, கதிரின் சுணையும் விறைத்து வாயை உறுத்தும். அறுத்ததை மெல்லிய படுகையாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டி, ஓரளவு வாடியதும் நிழலுக்கு மாற்றி உலர்த்தினால் பச்சை நிறமும் மணமும் நிற்கும். ஒரு பிடியை முறுக்கினால் தாள் மளுக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கிளுவை வேலியோரமும் வெள்வேல மரத்தடியும் முள் உதிரும் இடங்கள், அங்கே அறுக்க வேண்டாம். ஊசிப்புல்லும் பார்த்தீனியமும் கலவாமல் பொறுக்கிவிடுங்கள். நாய்கள் நடமாடிக் கழியும் இடத்துப் புல்லும் ஆகாது. நாயின் நாடாப்புழு முட்டை அந்தப் புல் வழியே முயலுக்குள் போய் வயிற்றினுள் நீர்க்கொப்புளங்களை உண்டாக்கும்.

அளவைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. 2 கிலோ முயல் நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் உலர்பொருள் தின்னும். சிந்துவதையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முயலுக்கு 50 கிலோ, இரண்டுக்குமாக 100 கிலோ காய்ந்த புல் இருந்தால் ஏராளம். உங்கள் ஆட்டுப் பட்டிக்குப் போவதில் இது ஒரு மூலைக்குக் காணாது. வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம், கொறித்தாலும் கெடுதல் இல்லை. அதையே முழு உணவாக நம்ப முடியாத அளவுக்குப் புரதம் அதில் குறைவு.

குப்பையாகிறது என்ற குறை நியாயமானதுதான். தரையில் கொட்டினால் முயல் அதன்மேல் அமர்ந்து நனைத்து வீணாக்கும். 5 சென்டிமீட்டர் அளவுக் கண்ணுள்ள கம்பி வலையில் ஒரு கூடை செய்து, முயலின் தலை உயரத்துக்குக் கூண்டின் வெளிப்புறத்தில் மாட்டிவிட்டால், தாள்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்னும். அடியில் ஒரு தட்டு வைத்தால் உதிர்வது அதில் சேரும். நனையாமல் இருப்பதை ஆட்டுக்கே போட்டுவிடலாம். இப்படி இழுத்துத் தின்னும் வேலையே முயலுக்கு நாள் முழுவதும் பொழுதுபோக்கு. பெல்லட்டைத் தின்று முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கும் முயல்தான் கூண்டுக் கம்பியையும் தன் மயிரையும் கடிக்கப் பழகும்.

அழுத்திய தீவனத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளியூர்ப் பயணத்தில் அது வசதி. பல் கெட்ட கிழட்டு முயலுக்கும் நோயிலிருந்து தேறும் முயலுக்கும் ஊறவைத்த பெல்லட் கைகொடுக்கும். வீட்டில் யாருக்கேனும் புல்தூசியால் மூச்சிரைப்பு வருமானால், தூசி குறைவான நீள்தாள் சிப்பத்தை வாங்கி, வெளியே உதறிவிட்டு உள்ளே கொண்டுவரலாம். மழைக்காலத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பெல்லட்டோ கட்டியோ ஈரம் இழுத்தால் வெளியே தெரியாமல் உள்ளே பூசணம் பிடிக்கும்; மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாக வாய்ப்பு அதிகம், அந்த நஞ்சு மிக எளிதில் தாக்கும் பிராணிகளுள் முயலும் ஒன்று. ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவை வாங்கிச் சேர்க்காதீர்கள்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்ய வேண்டாம். 7 முதல் 10 நாட்களுக்குள் கட்டியைப் படிப்படியாக முழுவதும் நிறுத்தி, பெல்லட்டை மேற்சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து, புல் மட்டும் இரவும் பகலும் கூடையில் இருக்கும்படி பாருங்கள். தண்ணீரைக் குழாய்ப் புட்டியில் தருகிறீர்கள் என்றால் அத்துடன் ஒரு கனமான மண்கிண்ணத்திலும் வையுங்கள். கிண்ணத்தில் முயல் கூடுதலாகக் குடிக்கும், சிறுநீர் நீர்த்துப் படிவு குறைய அது உதவும். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரத்தில் வெள்ளைப் படிவு குறையவில்லை என்றாலோ, சிறுநீர் கழிக்கும்போது முயல் முக்கினாலோ, கால்நடை மருத்துவரிடம் சிறுநீர்ப்பையைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே கொண்டுபோக வேண்டும். கையில் மிச்சமிருக்கும் குதிரைமசால் கட்டிகளை எறிய வேண்டியதில்லை. பட்டியில் சினையாடோ பால் கொடுக்கும் ஆடோ இருந்தால் ஊறவைத்து அவற்றுக்குத் தந்துவிடுங்கள்.